எங்கள் ஊருக்கென்று ஒரு பஞ்சாங்கம்

‘கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை’ என்று எங்கள் பக்கம் அடிக்கடி சொல்வார்கள். 2023-இல் கார்த்திகை மாதம் டிசம்பர் 16-ஆம் தேதியோடு முடிந்தது. மறுநாள் மார்கழி ஒன்று, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் கோலம் போட வழியில்லாதபடி விடிவதற்கு முன்பே கொட்ட ஆரம்பித்த மழை, பகல் முழுக்க, இரவு முழுக்க விடவில்லை. 18-ஆம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 என்று பிறகு கணக்கு வந்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்ய வேண்டியதைவிட அதிகமான மழை காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்திருந்தது.

நாங்கள் இருப்பது ஏரலுக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையோரத்தில் ஒரு சிற்றூர். வாழைதான் பிழைப்பு. தினமும் கேன் வைத்து மழை அளந்து எழுதுகிற என் நோட்டில் அந்த நாளுக்கு எதிரே இருப்பது இவ்வளவுதான்: ‘பொழுது சாய்வதற்குள் மூன்று தடவை கேனைக் காலி செய்தாயிற்று. இரவு 10 மணி, மறுபடி நிரம்பி வழிகிறது. கரண்ட் இல்லை. ஆற்று இரைச்சல் வாசலுக்குக் கேட்கிறது. தண்ணீர் பிள்ளையார் கோயில் மூன்றாம் படி.’

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

என் மாமனார் டைரி எழுதுகிறவர். உரக்கடையில் வருடப் பிறப்புக்குக் கொடுக்கிற டைரியை வாங்கி வைத்துக்கொண்டு, தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நாலு வரி எழுதுவார். இங்கிலீஷ் தேதி, தமிழ் தேதி, மழை உண்டா இல்லையா, தோட்டத்தில் என்ன வேலை, யார் வந்தார்கள், தார் என்ன விலைக்குப் போனது. அவ்வளவுதான். 1992 நவம்பரில் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்ததே, அந்த ஐப்பசிக் கடைசியில் அவர் எழுதியிருப்பதும் நாலு வரிதான். அதில் ஒரு வரி: ‘தண்ணீர் பிள்ளையார் கோயில் இரண்டாம் படி வரை வந்து நின்றது. விடிகாலையில் இறங்கிவிட்டது.’

2023-இல் அந்த ராத்திரி என் வீட்டுக்காரர் டார்ச் லைட்டோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து மூன்றாம் படி என்றார். மாமாவின் வரி எங்கள் இரண்டு பேருக்கும் மனப்பாடம். 92-ஐ மிஞ்சிவிட்டது, அதுவும் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் யோசிக்கவில்லை. அத்தையையும் ஆடுகளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்து மாடிக்குப் போய்விட்டோம். பக்கத்து வீட்டு அண்ணாச்சி முதலில் வர மறுத்தார். “92-லேயே நம்ம தெருவுக்குள்ள வரலைம்மா” என்றார். அப்போது படிக்கணக்கைச் சொன்னதும்தான் அவரும் கிளம்பினார். விடியும்போது எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர்.

‘பயங்கர வெள்ளம்’ என்று மாமா எழுதியிருந்தால் எங்களுக்கு எந்தப் பிரயோஜனமும் இருந்திருக்காது. ஒரு படியைக் குறித்து வைத்திருந்தார். அசையாத ஒரு பொருளை வைத்து அளந்து எழுதியது முப்பத்தோரு வருடம் கழித்து உதவியது. தினக்குறிப்பு எழுத நினைக்கிறவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒரே ஒரு விஷயம் உண்டென்றால் அது இதுதான். உங்கள் ஊரில் இருபது, முப்பது வருடத்துக்கு மாறாமல் இருக்கும் என்று தோன்றுகிற இடங்களாக நாலைந்தை முதலிலேயே தேர்ந்துகொள்ளுங்கள். கோயில் படி, மதகுச் சுவர், பாலத்தின் தூண், பள்ளிக்கூடத்துக் கைப்பிடிச்சுவர். தண்ணீரோ, நிழலோ, எதுவானாலும் அதை வைத்தே எழுதுங்கள்.

மாமா காலமான பிறகு டைரி எழுதுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அவர் எழுதியபடி வருடத்துக்கு ஒரு டைரி என்று வைத்துக்கொள்ளவில்லை. அதில் ஒரு சிரமம் இருக்கிறது. ‘போன வருடம் இதே நாளில் என்ன?’ என்று பார்க்க ஒவ்வொரு டைரியாக எடுத்துப் புரட்ட வேண்டும். அதனால் லாங் சைஸ் கணக்கு நோட்டு ஒன்று வாங்கி, ஒரு தேதிக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கினேன். ஜனவரி 1-க்கு ஒரு பக்கம், 2-க்கு ஒரு பக்கம், பிப்ரவரி 29-க்கும் ஒரு பக்கம். மொத்தம் 366. ஒவ்வொரு பக்கத்திலும் வருடத்துக்கு மூன்று, நான்கு வரி. அடுத்த வருடம் அதே தேதி வரும்போது போன வருடத்துக்குக் கீழே எழுதுவேன். மாமாவின் டைரிகளில் இருந்தும் முக்கியமானவற்றை அந்தந்தத் தேதிப் பக்கத்தின் தலையில் பென்சிலால் ஏற்றிவிட்டேன். இப்போது எந்த நாளைத் திறந்தாலும் பல வருடம் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கிறது. எழுத உட்காரும்போதே பழசைப் படித்துவிடுகிறோம், அதுதான் இந்த முறையில் பெரிய லாபம்.

மழை அளப்பதற்கு வருகிறேன். கடையில் மழைமானி கிடைக்கும், வாங்க முடிந்தால் நல்லது. நான் வீட்டிலேயே செய்துகொண்டேன். வாய் 16 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு புனல், ஐந்து லிட்டர் கேன் ஒன்று, மருந்துக்கடையில் வாங்கிய மில்லி அளவு போட்ட பிளாஸ்டிக் குடுவை ஒன்று. ஏன் 16 சென்டிமீட்டர் என்றால், அந்த வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர். கேனில் விழுந்த தண்ணீரை அளந்தால் 20 மில்லிக்கு ஒரு மில்லிமீட்டர் மழை என்று கணக்கு நேராக வந்துவிடும். 300 மில்லி இருந்தால் 15 மில்லிமீட்டர். வானிலைத் துறையின் சாதாரண மழைமானியிலும் வாய் 200 சதுர சென்டிமீட்டர் கொண்டது உண்டு. ஐந்து லிட்டர் கேன் 250 மில்லிமீட்டர் வரை தாங்கும். எங்கள் ஊருக்கு அது தாராளம் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

புனலின் வாயை அகலம் பார்த்து வாங்கும்போது உள்வாயை அளக்க வேண்டும், வெளிவிளிம்பை அல்ல. ஓரம் கொஞ்சம் செங்குத்தாக உயர்ந்திருந்தால் விழுகிற துளி தெறித்து வெளியே போகாது. கேனைச் சுற்றி நாலு செங்கல் அடுக்கிவிட்டால் காற்றுக்குச் சாயாது. வைக்கிற இடம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். பக்கத்தில் பத்தடி உயரச் சுவர் இருந்தால் குறைந்தது இருபதடி தள்ளி வைக்க வேண்டும். தென்னை நிழலில் வைத்தால் ஓலையில் வழிகிற தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். நான் களத்துமேட்டில் வைத்திருக்கிறேன், கோழி ஏறாமலிருக்க முள்கம்பி சுற்றி.

அளக்கிற நேரம் காலை 8.30. இந்தியா முழுக்க அந்த நேரத்தில்தான் அளக்கிறார்கள் என்பதால் நாமும் அதே நேரத்தில் அளந்தால்தான் பக்கத்து ஊர்க் கணக்கோடு ஒப்பிட முடியும். அப்புறம், தேதி விஷயம் பலரைக் குழப்புகிறது. 17-ஆம் தேதி மதியம் பெய்த மழையை 18-ஆம் தேதி காலையில் அளக்கிறோம். பேப்பரில் அது 18-ஆம் தேதி மழையாகத்தான் வரும். அளந்த தேதியிலேயே எழுதிவிட்டு, எந்த நேரத்தில் பெய்தது என்பதைப் பக்கத்தில் குறித்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்தது. 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதை மழை நாளாகச் சேர்ப்பதில்லை. 64.5-ஐத் தாண்டினால் கனமழை, 115.6-இலிருந்து மிகக் கனமழை, 204.5-இலிருந்து அதிகனமழை. இந்த மூன்று எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், டிவியில் சொல்லும்போது என்ன சொல்கிறார்கள் என்று புரிய வேண்டுமே.

மழை இல்லாத நாளில் 0 என்று எழுத வேண்டும். ஊரில் இல்லை, அளக்கவில்லை என்றால் கோடு போட வேண்டும். இரண்டும் வேறு வேறு. சும்மா காலியாக விட்டுவிட்டால் நாலு மாதம் கழித்து நமக்கே தெரியாது. கேன் நிரம்பி வழிந்தால் ‘250-க்கு மேல்’ என்று கூட்டல் குறியோடு எழுதினால் போதும். எவ்வளவு இருக்கும் என்று யூகித்து ஓர் எண்ணைப் போடக்கூடாது. யூகித்த எண்ணும் அளந்த எண்ணும் தாளில் ஒரே மாதிரிதான் தெரியும், பிறகு எதையும் நம்ப முடியாமல் போகும்.

வெயிலைப் பொறுத்தவரை எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. செல்போனில் காட்டுகிற டிகிரியைப் பார்த்து எழுதுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அது கணினி மொத்த வட்டாரத்துக்கும் கணக்குப் போட்டுச் சொல்வது, நம் வீட்டு வாசலின் சூடு அல்ல. நிழலில், காற்றோட்டமான இடத்தில், நாலடி உயரத்தில் ஒரு வெப்பமானி தொங்கவிட்டு அதைப் பார்த்து எழுதுங்கள். அது இல்லையா, ‘இரண்டு மணிக்கு மொட்டைமாடியில் கால் வைக்க முடியவில்லை, நாய் தொட்டியடியில் படுத்திருந்தது’ என்று எழுதுங்கள். அதுவும் ஓர் அளவுதான்.

இப்படி எழுதியதில் தெரிந்தது ஒன்று. மே 4 வாக்கில் தொடங்கி 28 வரைக்குமான அக்னி நட்சத்திரத்தோடு வெயில் போய்விடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் அப்படி இல்லை. ஆனி, ஆடி, ஆவணியில்கூட மதிய வெயில் சுள்ளென்றுதான் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவருகிற ஈரத்தை மேற்கு மலை அந்தப் பக்கத்திலேயே இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்று காய்ந்து, சூடேறி எங்களிடம் வருகிறது. குற்றாலத்தில் சாரல், மேற்கே பார்த்தால் கருகருவென்று மேகம், இங்கே புழுதி. அந்த மாதங்களில் எனக்கு மழைக் கட்டத்தில் எழுத ஒன்றும் இருக்காது. அதற்குப் பதிலாக அணை நீர்மட்டத்தை எழுதுவேன். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இவை முழுக் கொள்ளளவு. தினமும் பேப்பரில் வருகிற மட்டத்தைப் பக்கத்தில் குறித்துக்கொண்டு வந்தால், எங்கள் தலைக்கு மேல் பெய்யாத மழை எப்படி எங்கள் வாய்க்காலுக்கு வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்று டீக்கடையில் பேச்சு வரும்போது, போன வருடம் இதே தேதியில் எத்தனை அடி என்று சொல்ல ஆள் இருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போகிறது.

ஆனி, ஆடி என்றால் வாழைக்காரர்களுக்குக் காற்றுதான் கவலை. காற்றின் வேகத்தை அளக்க என்னிடம் கருவி கிடையாது. ஆனால் தோட்டமே கருவிதான். வாழை இலையின் ஓரம் மட்டும் ஆடினால் ஒன்று. இலை மடங்கித் திரும்பினால் இரண்டு. புது இலை நரம்போடு கிழிந்தால் மூன்று. கன்று நின்று பெரிய மரம் சாய்ந்து முட்டுக் கொடுத்த கம்பு நழுவினால் நான்கு. தார் போட்ட மரம் நடுவில் முறிந்தால் ஐந்து. இந்த அளவுகோலை என் வீட்டுக்காரர்தான் சொல்லிக்கொடுத்தார். நோட்டில் ‘மேல்காற்று 3’ என்று எழுதினால் எங்கள் தெருவில் யாருக்கும் புரியும். உங்கள் ஊரில் வாழை இல்லையென்றால் வேறொன்று இருக்கும். பனை ஓலை, கொடியில் காயும் வேட்டி, கடலோரமென்றால் அலை. எதையும் ஒரே இடத்தில் இருந்து, ஒரே கண்ணோடு பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

விசேஷ நாட்களை எழுதுவதில்தான் எனக்கு ஆசை அதிகம். தேதி கிழிக்கிற காலண்டர் எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு. சிவகாசியில் ஆடிப் பெருக்கன்று பூஜை போட்டு அடுத்த வருடத்துக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள், வருடக் கடைசியில் மளிகைக்கடை, நகைக்கடை பெயர் போட்டு எங்கள் சுவருக்கு வந்து சேரும். ஒரு சின்னத் தாளில் எத்தனை விஷயம்! ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, ஹிஜ்ரி தேதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், சூலம், மேல்நோக்கு நாளா கீழ்நோக்கு நாளா என்பது வரை. ராகு காலத்துக்குத் தாளையே பார்க்க வேண்டாம், ‘திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா’ என்ற வரி போதும். திங்கள் 7.30, சனி 9 மணி, வெள்ளி 10.30 என்று ஒன்றரை மணி ஒன்றரை மணியாக ஏறிக்கொண்டு ஞாயிறு 4.30-இல் முடியும். அத்தை எனக்குச் சொல்லி, நான் மகளுக்குச் சொன்ன வரி.

தேதிக்கு ஒரு பக்கம் என்று வைத்ததில் வந்த பெரிய வேடிக்கை, பண்டிகைகள் நோட்டுக்குள் நடமாடுவதுதான். சூரியனை வைத்து வருகிற நாள் அசையாது. பொங்கல் ஜனவரி 14 அல்லது 15, ஆடிப் பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3. சந்திரனை வைத்து வருகிற தீபாவளி 2022-இல் அக்டோபர் 24, 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. பின்னால் பின்னால் போய், திடீரென்று ஒரு தாவு தாவி முன்னால் வந்து நிற்கும். நோன்புப் பெருநாளோ தாவுவதே இல்லை, வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். 2023-இல் ஏப்ரல் 22, 2024-இல் ஏப்ரல் 11, 2025-இல் மார்ச் 31. முப்பத்துமூன்று வருடத்தில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வந்துவிடும். எங்களுக்கு நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புகிற அக்கா, “சின்னப் பிள்ளையா இருக்கும்போது அடைமழையில நோன்பு வந்துச்சு, தாகமே தெரியாது” என்று சொன்னதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 பெருவிழா, அது எந்த வருடமும் மாறாது. ரோம் நகரத்துக் குன்று ஒன்றில் நல்ல கோடையில் ஆகஸ்ட் 5-ஆம் தேதி பனி பெய்தது என்ற ஐதீகத்தை ஒட்டிய விழா. இங்கே அதே தேதிப் பக்கத்தில் நான் எழுதுவது வருடந்தோறும் ‘மேல்காற்று 3, புழுதி’ என்றுதான்.

திதி, நட்சத்திரம் வைத்து வருகிற விசேஷங்களுக்கு நோட்டின் கடைசியில் தனிப் பக்கம் ஒதுக்கிவிட்டேன். தேதிப் பக்கத்தில் தேடினால் கிடைக்காது. பங்குனி உத்திரத்துக்கு எங்கள் பக்கம் அவரவர் குலதெய்வச் சாஸ்தா கோயிலுக்கு எங்கிருந்தாலும் வந்துவிடுவார்கள். எங்கள் சாஸ்தா ஒரு குளத்துக் கரையில் இருக்கிறார். உத்திரத்தன்று குளத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது, மதகுக்கு மேலா கீழா, அல்லது பொங்கல் வைக்கத் தண்ணீரை வேனில் கொண்டுபோனோமா என்பதைத் தவறாமல் எழுதுகிறேன். வருடத்தில் ஒருநாள்தான் அந்தக் குளத்தைப் பார்க்கிறோம் என்றாலும், அந்த ஒருநாள் குறிப்புகளை வரிசையாகப் படித்தால் குளத்தின் கதை வந்துவிடுகிறது.

தமிழ் மாதத்தைப் பற்றி ஒரு தகவல், இதை யாரிடம் சொன்னாலும் ஆச்சரியப்படுகிறார்கள். ஆனிக்குச் சில வருடம் 32 நாள் வரும், மார்கழிக்குப் பல வருடம் 29 நாள்தான். காலண்டர் அச்சடித்தவர் வைத்த கணக்கில்லை இது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், அப்போது வேகமாகச் சுற்றுகிறது. அதனால் சூரியன் தனுசு ராசியைச் சீக்கிரம் கடந்துவிடுகிறது. ஜூலை முதல் வாரத்தில் மிகத் தொலைவில் இருக்கும்போது மெதுவாகப் போகிறது, மிதுனத்தைக் கடக்க நாளாகிறது.

இன்னொன்றும் நோட்டு எழுதித்தான் புரிந்தது. உத்தராயணம் பிறந்துவிட்டது, இனி சீக்கிரம் விடியும் என்று நினைக்கிறோம். ஆனால் எங்கள் அட்சரேகையில் சூரியன் மிகத் தாமதமாக எழுவது தை மாதத்தில், ஜனவரிக் கடைசி வாரத்தில்தான். அதேபோல் மிகச் சீக்கிரம் இருட்டுவது மார்கழியில் அல்ல, கார்த்திகைத் தொடக்கத்தில். தினமும் ஒரே இடத்தில் நின்று கிழக்கே பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். அதைவிடச் சுலபமானது நிழலில்லா நாள். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒருநாள், ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள், எங்கள் ஊரில் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். சென்னைக்காரர்களுக்கு அது ஏப்ரல் 24 வாக்கில், வடக்கே போகப் போகத் தள்ளிப்போகும். மொட்டைமாடியில் தண்ணீர்க்குழாய் ஒன்று செங்குத்தாக நிற்கிறது. பன்னிரண்டு மணிக்குப் போனால் நிழல் மேற்கே கொஞ்சம் விழுந்திருக்கும். எங்கள் பகுதிக்கு உண்மையான உச்சிப்பொழுது 12.20 வாக்கில்தான், ஏனென்றால் நம் கடிகாரம் அலகாபாத் பக்கத்துத் தீர்க்கரேகைக்கு வைத்த நேரம். பன்னிரண்டே காலுக்கு நிழல் குழாயின் அடிக்குள் ஒடுங்கத் தொடங்கும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் சுற்றிலும் எதுவுமே இருக்காது, வெறும் வெள்ளைத் தரை. பிறகு கிழக்குப் பக்கம் கத்தி முனை அளவுக்கு ஒரு கறுப்பு எட்டிப்பார்க்கும். சித்திரைப் பிறப்புக்கு ஒன்றிரண்டு நாள் முன்பின்னாக வருவதால் லீவுக்கு வந்த பிள்ளைகள் அத்தனை பேரையும் மாடியில் ஏற்றிவிடலாம்.

துணுக்குத் தகவல்களை எழுதுகிறவர்களுக்கு ஒரு யோசனை. வாட்ஸப்பில் வருவதை எல்லாம் எழுதினால் நோட்டு குப்பையாகிவிடும். அன்றைக்குக் கண்ணில் பட்டதோடு சம்பந்தமுள்ள ஒன்றை மட்டும் எழுதுங்கள், யார் சொன்னது என்பதையும் சேர்த்து. ஐப்பசியில் வேலியோரம் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரண்டு சத்தமாக விசிலடிக்கிற ஆறுமணிக்குருவி வந்து சேர்ந்தால், அது இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தெற்கே வருவது என்று அந்தத் தேதியில் எழுதலாம். அடுத்த வருடம் அதே பக்கம் வரும்போது காது தானாக வேலியோரம் போகும்.

மனசில் பட்டதை எழுதுவது பற்றி. மாமா தன் மனசை எழுதவே மாட்டார். ஒரே ஓர் இடத்தில், அவருடைய தம்பி இறந்த அன்று, ‘இன்று எதுவும் எழுதத் தோன்றவில்லை. தூறல்’ என்று எழுதியிருக்கிறார். நான் தினமும் ஒரு வரி எழுதுகிறேன், ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை. நீளமாக எழுத இடம் விட்டால் அலுத்துப்போகும் நாளில் அதைக் காரணம் காட்டி எல்லாவற்றையும் விட்டுவிடத் தோன்றும். அடுத்தவர் வீட்டுச் சங்கதியையும் எழுதுவதில்லை. என் நோட்டைத் தெருவில் எல்லாரும் பார்க்கிறார்கள். “மதினி, நாங்க கன்னு வச்சது போன வருசம் எந்தத் தேதி?” என்று தோட்டத்துக்காரர்கள் வந்து கேட்பார்கள். வீட்டுக்கு வீடு வயசுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், யார் வீட்டில் சண்டை, யார் கடன் வாங்கினார்கள் என்பது அதில் இருக்கக்கூடாது. சொந்த வருத்தங்களை எழுத வேண்டுமென்றால் தனியாக ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுக்கு முன்னால் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கி எழுதிய நாட்குறிப்பிலும் தமிழ் வருடம், மாதம், தேதியோடு ஆங்கிலத் தேதியையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். இரண்டு தேதியும் இருப்பதால்தான் இன்றைக்கும் அந்த நாட்களைச் சரியாகப் பொருத்திப் பார்க்க முடிகிறது. இரண்டு தேதியையும் எழுதுவது சின்ன வேலை, செய்துவிடுங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு டைரிகளைக் காப்பாற்றிய கதையும் உதவும். என் நோட்டு பரணில் இருந்ததால் தப்பியது. மாமாவின் டைரிகள் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன, ஊறிவிட்டன. வெயிலில் காயவைத்தால் தாள் முறுக்கிக்கொள்ளும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நிழலில் நிறுத்தி வைத்து, தாள்களுக்கு இடையில் பேப்பரைச் செருகி, அதை மாற்றி மாற்றிக் காயவைத்தோம். கரண்ட் வந்த பிறகு காற்றாடிக்குக் கீழே பரப்பினோம். மைப்பேனாவால் எழுதிய பழைய வருடங்கள் நீலத் திட்டாகிவிட்டன. பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது அப்படியே படிக்க முடிந்தது, பென்சிலில் எழுதியது கொஞ்சமும் கலையவில்லை. அதிலிருந்து நான் பென்சிலும் பால்பாயிண்டும் தவிர வேறெதையும் தொடுவதில்லை. மாதக் கடைசியில் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து மகளுக்கு அனுப்பிவிடுகிறேன். பெங்களூரில் அவள் கம்ப்யூட்டரில் இருக்கிறது, இங்கே ஆறு என்ன செய்தாலும் சரி.

மார்கழியில் கர்ப்போட்டம் பார்ப்பதையும் எழுத ஆரம்பித்திருக்கிறேன். சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கிற அந்தப் பதினான்கு நாளும் மேகம் எப்படி ஓடுகிறது, மந்தாரமா, தூறலா என்று பார்த்து, ஒவ்வொரு நாளுக்கும் வரப்போகிற பருவத்தின் ஒரு பகுதியைப் பொருத்துவது பெரியவர்களுடைய வழக்கம். எங்கள் தெருக்கோடித் தாத்தா ஒருவர் அதில் கெட்டிக்காரர். அவர் சொல்வதை அன்றன்றைக்கே எழுதி, பின்னால் ஆடி, ஐப்பசிப் பக்கங்களில் நடந்ததோடு ஒத்துப்பார்க்கிறேன். இதுவரை பார்த்ததில் பொருந்தியதும் உண்டு, பொருந்தாததும் உண்டு. பொருந்தியதை மட்டும் எழுதிவிட்டுப் பொருந்தாததை விட்டால் எந்தக் கணக்கும் சரியாகத்தான் வரும், அதனால் இரண்டையும் எழுதுகிறேன். தாத்தாவுக்கும் அதுதான் விருப்பம். “எழுதும்மா, நானும் தெரிஞ்சுக்கிடணும்ல” என்பார்.

இப்போது ஸ்ரீவைகுண்டத்தில் ஒருவர், சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டு ஓரம் ஒருவர் என்று எங்களைப் போலவே கேனும் புனலும் வைத்து அளக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்குள் போனில் எண்ணைச் சொல்லிக்கொள்கிறோம். பத்து மைல் தூரத்துக்குள் ஓர் ஊரில் கனமழை, இன்னோர் ஊரில் 0 என்று பல நாள் வருகிறது. அந்தச் செம்மண் தேரியில் பெய்கிற மழைக்கும் ஆற்றங்கரையில் பெய்கிற மழைக்கும் உள்ள வித்தியாசத்தை இன்னும் சில வடகிழக்குப் பருவம் பார்த்துவிட்டுத்தான் பேச முடியும். காயல்பட்டினம் கடலோரத்தில் மொட்டைமாடியோ வெட்டவெளியோ உள்ள ஒருவர் கிடைத்துவிட்டால், புனலை நானே வாங்கிக்கொண்டுபோய் வைத்துக் கொடுத்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். ஐப்பசிக்கு முன்னால் கிடைத்தால் நல்லது.